‘இது போதும்’ என்று எப்போது சொல்வது? கணிதத்திலிருந்து மருத்துவம் வரை அலைந்த அனுபவம்

கணிதத்தில் முனைவர் பட்டம் முடித்த கையோடு ஓர் உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தேன். தரவுகளைப் பார்த்துக் கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கோ வேலை வேண்டியிருந்தது. முதல் வாரக் கூட்டத்தில் ஒரு மாணவி தன் சோதனையை விளக்கிவிட்டு, “மூன்று முறை செய்து பார்த்தாச்சு, மூன்றிலும் இதே முடிவுதான்” என்றார். “சரி, போதும். எழுத ஆரம்பித்துவிடு” என்றார் பேராசிரியர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கினேன். “ஓர் எண்ணை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். நாற்பது முறை தப்பாமல் வரும். 40-ஐப் போட்டால் வருவது 1681. அது 41-இன் வர்க்கம். நாற்பது முறை நின்றதே விழுந்துவிடுகிறது, நீங்கள் மூன்றோடு நிறுத்துகிறீர்களே?” என்றேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த மாணவி என்னிடம் வந்தார். “அந்த மூன்று என்ன மூன்று என்று நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார். மூன்று வெவ்வேறு வாரங்கள், மூன்று முறை புதிதாக வளர்த்த செல்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலக்கிய கரைசல். அதில் ஒரு தடவை செய்தது அவரே இல்லை, பக்கத்து மேசைக்காரர். “ஒரே குடுவையிலிருந்து எடுத்துச் சோதனைத் தட்டின் மூன்று குழிகளில் ஊற்றி அளந்தாலும் மூன்று என்றுதான் எழுதுவார்கள். அதில் தெரிவதெல்லாம் என் கை எவ்வளவு நடுங்காமல் பிப்பெட் பிடிக்கிறது என்பதுதான்” என்றார்.

அன்றைக்கு நான் கேட்டது தப்பான கேள்வி இல்லை, ஆனால் கேட்ட இடம் தப்பு. பகா எண் சூத்திரம் திடீரென்று உடைவதற்கு ஒரு காரணம் உண்டு, செல் சோதனை உடைவதற்கு வேறு காரணங்கள் உண்டு. அதன் பிறகு எந்தத் துறைக்காரரோடு உட்கார்ந்தாலும் நான் முதலில் தெரிந்துகொள்ளப் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர்கள் எதைக் கண்டால் ‘போதும்’ என்பார்கள், எதற்குப் பயந்து அந்த அளவை வைத்தார்கள்?

கணிதக்காரர்களின் பயம் எனக்கு நன்றாகவே தெரியும். ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டி இன்னோர் ஐந்தாம் அடுக்கு கிடைக்க வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து எண்களாவது வேண்டும் என்பது 1769-இல் கணித மேதை ஆய்லர் சொன்ன ஊகத்தின் ஒரு பகுதி. ஆய்லரே சொன்னது, அதுவும் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியாமல் நின்றது. 1966-இல் லாண்டர், பார்க்கின் என்ற இருவர் கணினியில் தேடி நான்கே எண்களைக் கண்டுபிடித்தார்கள். 27, 84, 110, 133 ஆகியவற்றின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் 144-இன் ஐந்தாம் அடுக்கு. அவர்கள் கட்டுரை மொத்தமே இரண்டு வாக்கியம்தான். இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் ‘இதுவரை சரியாகத்தான் வந்திருக்கிறது’ என்பதை ஒரு காசுக்கும் மதிக்க மாட்டார்கள்.

ஆனால் நிரூபணமும் மனிதர் எழுதுவதுதானே. என் ஆய்வேட்டில் ஒரு துணைத்தேற்றம் இருந்தது. பதினோரு மாத உழைப்பு. வரைவைப் படித்த நெறியாளர் ஒரு சொல்லுக்கு அடியில் மட்டும் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ‘தெளிவாக’ என்ற சொல். “இது தெளிவாக முடிவுறு கணம்” என்று எழுதியிருந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில், அது தெளிவும் இல்லை, முடிவுறுவதும் இல்லை. சரிசெய்ய மூன்று மாதமானது. எனக்கு யோசிக்கச் சலிப்பாக இருந்த இடத்தில்தான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன். இப்போதும் எதையாவது எழுதி முடித்ததும் ‘தெளிவாக’, ‘எளிதில் காணலாம்’, ‘வழக்கம்போல’ ஆகிய மூன்றையும் தேடிப் பார்க்கிறேன். ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆண்ட்ரூ வைல்ஸ் 1993 ஜூனில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் என்ற பழைய கணிதப் புதிரை நிரூபித்துவிட்டதாக அறிவித்த பிறகு அந்த நிரூபணத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, 1994 செப்டம்பரில்தான் அதை அடைத்தார் என்பது அந்த மூன்று மாதமும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே அளவுப் பந்துகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும் என்ற கெப்ளர் ஊகத்துக்குத் தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் ஒரு நிரூபணம் கொடுத்தார். அதில் பெரும்பகுதி கணினிக் கணக்கு. பன்னிரண்டு மதிப்பீட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் சரிபார்த்துவிட்டு, சரி என்று 99 சதவீதம் நம்புகிறோம் என்றார்கள். வேறு எந்தத் துறையிலும் 99 சதவீதம் என்றால் கொண்டாடியிருப்பார்கள். ஹேல்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் கணினியே சரிபார்க்கும்படி முழு நிரூபணத்தையும் திரும்ப எழுதினார். 2014-இல்தான் முடிந்தது.

உயிரியல் ஆய்வகத்துக்குத் திரும்புகிறேன். எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது, ஒரு சோதனையாவது நானே செய்கிறேன் என்றேன். மிக எளிதான ஒன்றைக் கொடுத்தார்கள். ஆம்பிசிலின் என்ற மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து, அந்த மருந்து கலந்த தட்டில் பரப்ப வேண்டும். மரபணு உள்ளே போனவை மட்டும் வளரும். மறுநாள் காலை என் தட்டில் வெள்ளைப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அந்த மாணவி என் தட்டைப் பார்க்கவே இல்லை. “கன்ட்ரோல் தட்டு எங்கே?” என்றார். மரபணு நுழைக்காத பாக்டீரியாவைப் பரப்பிய தட்டு அது. எதுவும் வளரக் கூடாது. அதிலும் அதே அளவுக்கு வளர்ந்திருந்தது. தட்டில் ஊற்றும் அகார் கூழ் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே மருந்தை ஊற்றியிருக்கிறேன், சூட்டில் மருந்து கெட்டுவிட்டது. பாக்டீரியாவுக்கு அங்கே எதையும் தாங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கணிதத்தில் கன்ட்ரோல் என்று ஒன்று கிடையாது, அதனால் என் மூளையில் அதற்கு இடமே இருக்கவில்லை. ‘நடக்கக் கூடாதது நடக்கவில்லை’ என்பதை முதலில் பார்க்க வேண்டும், அப்புறம்தான் நடந்ததைப் பார்க்க வேண்டும். நிரல் எழுதும்போதும் இதைச் செய்யலாம். என் கணக்கு முறையைப் புதிய தரவின் மேல் ஓட்டுவதற்கு முன், எந்தத் தொடர்பும் இல்லாதபடி வேண்டுமென்றே கலைத்துப் போட்ட தரவின் மேல் ஓட்டிவிடுகிறேன். அதிலும் ‘கண்டுபிடிப்பு’ வந்தால் முறையில் கோளாறு. இரண்டு தடவை இது என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

அதே ஆய்வகத்தில் நான் செய்த இன்னொரு கூத்து. மரபணுப் பட்டியல் ஒன்றில் நடுநடுவே தேதிகள் இருந்தன: 2 செப்டம்பர், 1 மார்ச். மாதிரி எடுத்த நாளை யாரோ தவறான பத்தியில் எழுதிவிட்டார்கள் என்று நினைத்து அந்த வரிகளை நீக்கிவிட்டேன். அவை தேதிகளே இல்லை. ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்று மரபணுக்களுக்கே அப்போது பெயர் இருந்தது. எக்செல் அவற்றைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். இது உலகம் முழுக்க நடந்து நடந்து, கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டதாக அறிவித்தது. மென்பொருளைத் திருத்துவதைவிட அறிவியலைத் திருத்துவது எளிதாக இருந்திருக்கிறது! விசித்திரமாக இருக்கும் வரியை நீக்குவதற்கு முன் அதைத் தட்டச்சு செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

உயிரியலில் காலமும் ஒரு மாதிரி நீளும். ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் பன்னிரண்டு குடுவைகளில் ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்க ஆரம்பித்தார். தினமும் ஒரு துளியைப் புதுக் குடுவைக்கு மாற்றுவது, 500 தலைமுறைக்கு ஒரு முறை, அதாவது 75 நாளுக்கு ஒரு முறை, கொஞ்சத்தை உறைய வைப்பது. சுமார் 31,000 தலைமுறைக்குப் பிறகு, பன்னிரண்டில் ஒரே ஒரு குடுவையில், வழக்கமாக ஈ.கோலையால் முடியாத ஒன்றைச் செய்யும், அதாவது ஆக்சிஜன் இருக்கும்போது சிட்ரேட் என்ற பொருளை உண்ணும் பாக்டீரியா தோன்றியது. பத்தாயிரம் தலைமுறையோடு ‘போதும்’ என்று நிறுத்தியிருந்தால் இது இல்லை. அதைவிட, உறைய வைத்திருந்ததால்தான் பழைய தலைமுறைகளை உருக்கி எடுத்துத் திரும்ப ஓட விட்டு, அந்தத் திறன் மறுபடி வருகிறதா என்று பார்க்க முடிந்தது. என் கணினியில் ஒவ்வொரு கட்டத்தின் கோப்பையும் தேதி போட்டுத் தனியாக வைப்பது இதைப் படித்த பிறகு வந்த பழக்கம்.

இயற்பியலாளர்களோடு நான் நேரடியாக வேலை செய்ததில்லை. ஒரே கட்டடம் என்பதால் மேல்மாடித் துகள் இயற்பியல் குழுவின் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்வதற்கு ஐந்து சிக்மா வேண்டும். சிக்மா என்பது, கிடைத்த முடிவு வெறும் தற்செயல் ஏற்ற இறக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு. துகள் எதுவும் இல்லாமலேயே தற்செயலாகத் தரவின் வரைபடத்தில் அவ்வளவு பெரிய மேடு தெரிய வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று. 2012 ஜூலையில் ஹிக்ஸ் என்ற துகள் பற்றிய அறிவிப்பு இந்த அளவைத் தொட்ட பிறகுதான் வந்தது. ஆயிரக்கணக்கான இடங்களில் தேடுகிறவர்களுக்கு எங்காவது ஒரு மேடு தெரியத்தான் செய்யும், பயம் நியாயமானதே. முறை முடிவாகும்வரை விடையைத் தங்களுக்குத் தாங்களே மறைத்து வைத்துக்கொள்வார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 2011-இல் ஒளியைவிட வேகமாக நியூட்ரினோ என்ற துகள் வந்ததாக ஓபெரா என்ற சோதனைக் குழு சொன்னபோது, அதுவும் ஐந்து சிக்மாவைத் தாண்டியதுதான். 60 நானோ நொடி முன்னதாக வந்தது. முக்கியக் காரணம், சரியாகப் பொருத்தாத ஓர் ஒளியிழைக் கேபிள். புள்ளியியல் தெரிந்த நான் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை: தளர்ந்த கேபிளை எந்தச் சிக்மாவும் கண்டுபிடிக்காது.

அப்புறம் மருத்துவம். ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவில் புள்ளியியலாளராகச் சேர்ந்தபோது எல்லாம் தெரிந்தவர் மாதிரிதான் போனேன். முதல் மாதம் ரத்த அழுத்தத் தரவைப் படமாகப் போட்டுப் பார்த்தேன். 120, 130, 140 என்ற இடங்களில் மட்டும் கோபுரம் மாதிரி எழும்பி நின்றது. உடலில் ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று ஒரு மாலை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுச் செவிலியரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது யார் 127 என்று எழுதுவார்கள்?” என்றார். கையால் அளக்கும்போது பக்கத்துப் பத்துக்கு உருட்டிவிடுவார்கள். பிறகு அவரே இன்னொன்றையும் காட்டினார்: வயது தெரியாதவர்களுக்கு 999 என்று போட்டிருக்கிறார்கள். என் சராசரி வயது ஏன் அவ்வளவு அதிகம் என்று அப்போதுதான் புரிந்தது.

தரவு எங்கே பிறக்கிறதோ அங்கே ஒரு நாள் போய் உட்காருங்கள். யாராவது இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

பெரிய தப்பு அதற்குப் பிறகு வந்தது. ஒரு மாத்திரை ஆய்வில், பாதியில் மாத்திரையை நிறுத்தியவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். மாத்திரையே சாப்பிடாதவரை வைத்து மாத்திரையை எப்படி மதிப்பிடுவது? தர்க்கம் சரியாகத்தான் பட்டது. முடிவும் பளிச்சென்று வந்தது. குழுவின் மூத்த மருத்துவர் ஒரே கேள்வி கேட்டார்: “அவர்கள் ஏன் நிறுத்தினார்கள்?” பார்த்தால், பலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர்கள். “தேறியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாரும் தேறினார்கள் என்கிறீர்கள்” என்றார். யாருக்கு மாத்திரை, யாருக்கு இல்லை என்று பிரிக்கும் குலுக்கலில் யார் எந்தக் குழுவில் விழுந்தாரோ, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கடைசிவரை அந்தக் குழுவில்தான் அவரை எண்ண வேண்டும். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். படித்தும் இருந்தேன்.

மருத்துவத்தின் பயம் எனக்கு உண்மையிலேயே உறைத்தது ‘காஸ்ட்’ என்ற ஆய்வைப் படித்தபோது. மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், இதயம் இடையிடையே தாளம் தப்பித் துடிப்பவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து அதிகம். என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மருந்துகள் அந்தத் தப்புத் துடிப்பை அடக்கும். ஆகவே மருந்து கொடுத்தால் மரணம் குறையும். இந்த ‘ஆகவே’யை நம்பிப் பலருக்கு இத்தகைய மருந்துகள் கொடுக்கப்பட்டு வந்தன. சோதித்துப் பார்த்தபோது, சராசரியாகப் பத்து மாதத்தில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். 1989-இல் அந்த இரு மருந்துகளையும் ஆய்விலிருந்து நிறுத்தினார்கள். துடிப்பு அடங்கியது உண்மை. என் துணைத்தேற்றத்தில் ‘தெளிவாக’ இருந்த இடத்தில் இங்கே ‘ஆகவே’ இருந்திருக்கிறது. என்னுடையது மூன்று மாதத்தைத் தின்றதோடு சரி.

அதனால்தான் மருத்துவ ஆய்வில் ‘போதும்’ என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எத்தனை பேர், எதை அளப்போம், எந்த அளவு கெடுதல் தெரிந்தால் பாதியில் நிறுத்துவோம் எல்லாம் முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே பதிவாகிவிட வேண்டும். 2005 முதல் முக்கிய மருத்துவ இதழ்கள், முன்பதிவு செய்யாத சோதனையை வெளியிடுவதில்லை என்று விதி வைத்தன. கணிதத்திலிருந்து வந்த எனக்கு இது விலங்கு மாதிரி இருந்தது. யோசிக்க யோசிக்கத்தானே வழி தெரியும், முன்பே எப்படி எழுதுவது? இப்போது பழகிவிட்டது. மேல்மாடிக்காரர்கள் விடையை மறைத்து வைப்பதும் இதுவும் ஒரே வேலைதான்.

மருத்துவர்களுக்கு நான் திருப்பிக் கொடுத்ததும் கொஞ்சம் உண்டு. சிறுநீரகக் கல் பற்றி 1986-இல் வந்த ஓர் ஆய்வு. திறந்து செய்யும் அறுவையில் 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, தோலில் சிறு துளையிட்டுச் செய்யும் முறையில் 350-க்கு 289. புது முறைதான் மேல் என்பீர்கள். சின்னக் கல்லை மட்டும் பாருங்கள்: அறுவையில் 87-க்கு 81, துளை முறையில் 270-க்கு 234. பெரிய கல்: அறுவையில் 263-க்கு 192, துளை முறையில் 80-க்கு 55. இரண்டிலுமே அறுவைதான் மேல்! எளிதான சின்னக் கற்கள் பெரும்பாலும் துளை முறைக்குப் போயிருக்கின்றன, அதனால் அதன் மொத்தக் கணக்கு அழகாகத் தெரிகிறது. இதைப் பலகையில் எழுதினால் அறையில் பேச்சு நின்றுவிடும். யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து வந்து கூட்டிப் பார்ப்பார்.

சொற்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் ‘மாடல்’ பற்றிப் பேசினோம், எல்லாரும் தலையாட்டினோம். கடைசியில் பார்த்தால் எனக்கு அது சமன்பாடு, உயிரியலாளருக்கு எலி, மருத்துவருக்கு ஆபத்தை மதிப்பிடும் ஒரு மதிப்பெண் அட்டவணை. ‘வெக்டர்’ இன்னும் மோசம். கணிதத்தில் திசையும் அளவும் கொண்டது, மரபணு ஆய்வகத்தில் மரபணுவைச் சுமந்து போகும் டி.என்.ஏ. வளையம், தொற்றுநோய்க்காரர்களுக்குக் கொசு. புதுக் குழுவோடு முதல் கூட்டம் என்றால், தெரிந்த சொல்லுக்குத்தான் நான் அர்த்தம் கேட்பேன். தெரியாத சொல்லை எப்படியும் தேடிப் படித்துவிடுவோம், தெரிந்த சொல்தான் ஏமாற்றும்.

பெயர் வரிசையும் அப்படித்தான். கணிதக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்களைப் பெரும்பாலும் அகர வரிசையில் போடுவோம். உயிரியலிலும் மருத்துவத்திலும் முதல் பெயர் கைவேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. துகள் இயற்பியலில் பெயர்களே ஊர்வலமாகப் போகும். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். என் பெயரின் முதல் எழுத்து ஆங்கில அகர வரிசையில் கடைசிப் பக்கம் வருவது. ஆகவே என் கணிதக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் நான்தான் கடைசி. மருத்துவக் குழுவுக்கான நேர்காணலில் ஒருவர் என் பட்டியலைப் புரட்டிவிட்டு, “இந்த வயதிலேயே இத்தனை ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியிருக்கிறீர்களே!” என்றார். ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. அகர வரிசை என்று விளக்கினேன். “அப்படியானால் இதில் உங்கள் வேலை எவ்வளவு என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டார். நாங்கள் யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வேலை கிடைத்தது. தன்விவரக் குறிப்பில் கணிதக் கட்டுரைகளுக்கு மேலே ‘பெயர்கள் அகர வரிசையில்’ என்று ஒரு வரி அன்று சேர்த்தது, இன்னும் இருக்கிறது.